மூலை வளவு

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பலாலி வீதி வழியாக வடக்கு நோக்கிச் செல்வோர், திருநெல்வேலிச் சந்தையைக் கடந்ததும், வீதியின் இரு மருங்கிலும் சிறு சிறு ஒழுங்கைகள் கிளைத்துச் செல்வதைக் காண்பர். சில ஒழுங்கைகளில் மோட்டார் வண்டி செல்லும். சிலவற்றில் இரண்டு துவிச்சக்கர வண்டிகள் எதிர்ப்பட்டால் ஒன்று ஒதுங்கி நிற்கவேண்டும். நேராகச் செல்லும் ஒழுங்கை அரிது. ஓரிடத்தில் ஒரு பனைக்கு வழிவிட்டு வளையும்; பிறிதோரிடத்தில் வைரவர் சூலத்தின் முன் முடங்கும்; இன்னோரிடத்தில் காரணம் எதுவுமின்றி இரண்டாகப் பிரியும். அங்ஙனம் முடங்கும் இடங்களிலும் பிரியும் இடங்களிலும் ஒரு மூலை உண்டு. அந்த மூலையில் ஒரு வளவு உண்டு. அதனுள் வாழும் குடும்பம், நடு ஒழுங்கையில் வாழும் குடும்பத்தைப்போல வாழ்வதில்லை என்பதே நான் இங்குச் சொல்ல வந்த செய்தி.

கோண்டாவில், கொக்குவில், இருபாலை ஆகிய எவ்வூரிலேனும் புதிதாக ஒரு வீட்டுக்கு வழி கேட்டுப் பாருங்கள். வீட்டிலக்கத்தை எவரும் சொல்லமாட்டார். “அந்த முடக்கு வீட்டாலை திரும்பி மூன்றாவது படலை” என்பர். ஆகவே முடக்கு வீட்டார் தம் வீட்டுக்கு மட்டுமன்றி ஒழுங்கையிலுள்ள அத்தனை வீடுகளுக்கும் முகவரியாக இருக்கின்றனர். கலியாண வீட்டைத் தேடி வருபவரும், தபாற்காரரும், மீன் விற்பவரும், வட்டிப் பணம் கேட்டு வருபவரும் முதலில் தட்டுவது அவர்கள் படலையையே. ஊரில் ஒருவர் இறந்தால் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஏறுவது மூலை மதிலில். தேர்தற் காலத்தில் அபேட்சகர்கள் சிரிப்பதும் அதே மதிலிலேதான். இருளிற் குப்பைப் பையை வீசிவிட்டுப் போகிறவருக்கும் அம்மூலையே வசதியாய் அமைந்துவிடுகிறது.

பழைய யாழ்ப்பாணத்தார் இத்தொல்லையை அறியாதவரல்லர். அவர்கள் அதற்குக் கண்ட மருந்து வேலி. வேலியைக் குறித்து வெளியூரார் எள்ளி நகையாடுவதுண்டு. யாழ்ப்பாணத்தான் தன் உள்ளத்தையும் வேலியடைத்து வைத்திருப்பான் என்பர். அவர்கள் வேலியை வெளியில் நின்று பார்த்தவர்கள். உள்ளே நின்று பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளை மாரி தொடங்கும் வேளையில் நெருக்கமாக நாட்டுவர். கதியால் என்பது இவற்றையே. மழைநீர் பட்டதும் அவை வேர்கொண்டு தளிர்க்கும். அவற்றின்மேல், பின்னிய தென்னோலையாகிய கிடுகையோ பனையோலையையோ வரிந்து கட்டுவர். வசதி குறைந்தவர் பனைமட்டையை அடுக்கி மட்டை வேலி அடைப்பர். தோட்டக் காணிக்கு முட்செடிகளை வைத்து அலம்பல் வேலி போதும். கதியால் வளர்ந்தால் குழை ஆட்டுக்கும், பூவரசங் குழை தோட்டத்துக்குப் பசளையாகவும் ஆகும். உக்கிய கிடுகுங்கூட மண்ணோடு சேர்ந்து பயன் தரும்.

இவையெல்லாம் பொருளாதாரம். நம் விடயத்துக்கு வேண்டியது வேறொன்று. கிடுகு வேலியின் பின்னே, நிழலில் நிற்பவர் வீதியைப் பார்க்கலாம். வெயிலில் வீதியிற் செல்பவர் உள்ளே பார்க்க முடியாது. கிடுகின் இடுக்குகள் ஒளியின் பக்கத்திலிருந்து நோக்குபவருக்கு இருளாகவும், இருளின் பக்கத்திலிருந்து நோக்குபவருக்கு ஒளியாகவும் அமைந்துவிடுகின்றன. முற்றம் கூட்டும் பெண் வீதியில் யார் போகிறார், யார் நிற்கிறார், நின்றவர் ஏன் இன்னும் நிற்கிறார் என்பவற்றைத் தான் காணப்படாமலே கண்டுகொள்வாள். இரவில் உள்ளே விளக்கெரியும்போது இந்த முறை தலைகீழாகும் என்பதையும் நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். பொழுதுபட்டதும் விளக்கை வீட்டினுள்ளே கொண்டுபோய், முற்றத்தை இருளில் விடும் வழக்கத்துக்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று.

வேலிக்கு வாசல் படலை. வசதி படைத்தோர் படலையின் மேலே சிறு கூரையிட்டு, இரு புறமும் திண்ணை வைத்துச் சங்கடப்படலை அமைத்தனர். வழிப்போக்கன் வெயிலுக்கும் மழைக்கும் அங்கு ஒதுங்கலாம், தண்ணீரும் கேட்கலாம். எனினும் அவன் வீட்டுக்குள் வந்தவன் ஆகமாட்டான். வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே, இரண்டுக்கும் சொந்தமான ஓரிடத்தை இப்படி வகுத்தது பெரிய விவேகம் என்றே நான் எண்ணுகிறேன். பருத்தித்துறையில் வீதியின் குறுக்கே கூரையிட்டு நிற்கும் தெருமூடி மடத்தைப் பார்த்தவர்கள் இந்த விவேகத்தின் பெரிய உருவத்தைப் பார்த்தவர்களாவர். அங்கே வீதியே கூரையின் கீழே நுழைந்து செல்கிறது.

இனி மூலை வளவின் கணக்கைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துக் காணி பரப்பிற் பேசப்படும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்புக்குப் பத்துப் பேர்ச். அறுபதடி அகலமும் தொண்ணூறடி நீளமுமுள்ள ஒரு வளவு ஏறக்குறைய 2 பரப்பு. அதன் சுற்றளவு 300 அடி. இது நடு வளவாயின் வீதியைப் பார்த்திருப்பது 60 அடி மாத்திரம். மற்றைய 240 அடியும் அயலவரின் காணியோடு ஒட்டியது. அதன் செலவிலும் காவலிலும் அயலவருக்கும் பங்கு உண்டு. இதே காணி மூலை வளவாயின் 150 அடி வீதிக்குத் திறந்திருக்கும். சுற்றளவிற் சரிபாதி! அந்தப் பாதியை அடைப்பதும், பழுதானால் மீண்டும் அடைப்பதும், அதன் அப்பால் யார் நிற்கிறார் என்று பார்ப்பதும் வீட்டுக்காரர் ஒருவரின் பொறுப்பே. காணித் தரகர் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. “ரண்டு பக்கமும் வாசல் வைக்கலாம், காற்றோட்டம், கடை போட்டாலும் போடலாம்” என்பதே அவர் பாட்டு. அவர் சொல்வது பொய்யன்று. மூலை வளவுக்கு விலை கூடுதலாய் இருப்பதும் அதனாலேதான்.

போர்க்காலத்தில் மூலை வளவுகள் பட்ட பாடு தனியே எழுதத்தக்கது, சுருக்கமாகச் சொல்கிறேன். படையினருக்குச் சந்தி வேண்டும். சந்தியைப் பார்க்கும் வீடு வேண்டும். 1987 ஒக்தோபரில் இந்திய அமைதிப் படையுடன் போர் மூண்டபோதும், 1995 ஒக்தோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்து, மக்கள் 1996இல் திரும்பி வந்தபோதும், முடக்குகளில் மண்மூட்டைக் காவலரண்கள் முளைத்தன. நடு ஒழுங்கைக்காரர் தம் வீட்டைக் கூரையில்லாமலேனும் மீண்டும் பெற்றனர். மூலை வீட்டார் பலர், தம் படலைக்கு முன்னால் துவக்கோடு நிற்கும் ஒருவரிடம் அடையாள அட்டையைக் காட்டித் தம் வீட்டுக்குள் நுழைந்தனர். சிலருக்கு அதுவும் வாய்க்கவில்லை. 2009இல் போர் முடிந்தபின் அரண்கள் மெல்ல மெல்ல அகன்றன. இன்றும் சில பழைய மூலைகளில் ஒரு தண்டவாளத் துண்டு நட்டிருப்பதைக் காணலாம். 1990இல் புகையிரதம் நின்றபின் பதுங்குகுழிகளுக்காகக் கழற்றப்பட்ட தண்டவாளம் அது. இப்பொழுது முடக்கில் வெட்டித் திரும்பும் வாகனங்கள் வேலியை இடிக்காமற் காக்கிறது.

சென்ற ஆண்டு என் தமக்கையின் மகள் கோண்டாவிற் பக்கம் ஒரு மூலை வளவை வாங்க எண்ணினாள். அவள் பாடசாலை ஆசிரியை. கணவர் கொழும்பில் உத்தியோகம்; இரு கிழமைக்கு ஒருமுறை இரவுப் பேருந்தில் வந்து போவார். வார நாட்களில் வீட்டில் இருக்கப் போகிறவர்கள் அவளும், இரு பெண் பிள்ளைகளும், வயதான மாமியாரும். ஆகவே காற்றோட்டத்தைவிடக் காவலே அவளுக்குப் பெரிய கேள்வியாய் இருந்தது. நானும் உடன் சென்றேன். ஒரு பக்கம் தார் வீதி, மறுபக்கம் ஒழுங்கை. வீதிப் பக்கம் தகர வேலி, ஒழுங்கைப் பக்கம் பழைய கிளுவை வேலி. நடுவே முன் விறாந்தையோடு கூடிய ஓட்டு வீடு. வீட்டுக்கார அம்மா பிள்ளைகளிடம் கனடாவுக்குப் போகிறார். பதினொரு ஆண்டு அந்த வீட்டில் தனியாக இருந்தவர்.

மருமகளின் கணவர் பெரிய மதிலுக்குத் திட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சுற்றிவர ஏழடி மதில், மேலே போத்தல் ஓடு, நான்கு மூலையிலும் கமரா. அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, மதில் கட்டினால் ஒருத்தரும் எட்டிப்பார்க்கேலாது, உண்மைதான். எட்டிப்பார்க்கிற ஆக்கள்தான் எனக்கு இவ்வளவு காலமும் காவல். காலமை ஆறு மணிக்கு நான் முத்தம் கூட்டுற சத்தம் கேக்காட்டி, முன்வீட்டுப் பிள்ளை வந்து கூப்பிட்டுப் பார்ப்பாள்.”

இதைக் கேட்டபின் நாங்கள் ஒழுங்கை நெடுகிலும் நடந்து பார்த்தோம். கடந்த சில ஆண்டுகளில் எழுந்த மதில்கள் இருபுறமும் நிற்கின்றன. வெளிநாட்டுப் பணத்தில் எழுந்தவை பல. உள்ளே ஆளில்லாதவையும் பல. அத்தகைய மதிலில் ஒருவன் ஏறி உள்ளே குதித்துவிட்டானாயின், பிறகு அந்த மதில் அவனுக்குத்தான் மறைப்பு. அவன் ஆறுதலாக யன்னற் கம்பியை அறுக்கலாம். ஒழுங்கையில் ஊரே திரண்டு நின்றாலும் ஒருவர் கண்ணிலும் படமாட்டான். கிடுகு வேலியைப் பிரித்துக்கொண்டு வருகிறவனுக்கு இந்த ஆறுதல் இல்லை: ஓலை சரசரக்கும், நாய் குரைக்கும், அயல் விழிக்கும். எனினும் வேலி போதும் என்று நான் சொல்ல வரவில்லை. 2011 ஆகஸ்டில் கிறீஸ் பூதம் என்ற அச்சம் நாடெங்கும் பரவியபோது, வேலி வீடுகளிற் பெண்கள் உறக்கமின்றிக் கிடந்தனர். அதன்பின் வந்த ஆண்டுகளில் வாளோடு மோட்டார் சைக்கிளில் வரும் கும்பல்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எத்தனை முறை படித்தோம்! அவ்வாறு வருபவர்களுக்குக் கிடுகு ஒரு தடையன்று. அயலவர் ஓடி வருவார் என்று எதிர்பார்ப்பதற்கும் அயலில் இளைஞர் இருக்கவேண்டுமே. பாதிப்பேர் கடல் கடந்துவிட்டனர்.

முடக்கு வீட்டுக்கென்றே உரிய சில தொல்லைகள், பகலில் மட்டும் சென்று பார்ப்பவர் கண்ணிற் படா. ஆதலால் ஓர் இரவும் அங்குச் சென்றோம். ஒழுங்கையிலிருந்து திரும்பும் ஒவ்வொரு வாகனத்தின் வெளிச்சமும் வடக்கு அறையின் சுவரில் ஒருமுறை சுழன்று போயிற்று. பிள்ளைகள் படிக்கவும் படுக்கவும் எண்ணியிருந்த அறை அது. முடக்கில் ஒவ்வொருவரும் கோர்ண் அடித்தனர். எட்டு மணியளவில் மூன்று இளைஞர் துவிச்சக்கர வண்டிகளை வேம்பின் கீழே சாய்த்துவிட்டுக் கதை பேசினர். தீங்கான பேச்சு ஒன்றும் இல்லை. பந்தாட்டத்தைப் பற்றித்தான் பேசினர். ஆயினும் வேலியிலிருந்து கிணற்றடிக்குப் பதினைந்தடி. வளர்ந்த பெண் பிள்ளைகள் குளிக்கும் இடம். மருமகள் அன்று திரும்பும்போது பேசவேயில்லை.

கிணறு வேறொரு கேள்வியையும் எழுப்பிற்று. நம்மவர் உறுதிகளிற் காணியோடு கிணற்றுப் பங்கும், அதற்குப் போய்வரும் வழி வாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்படுவதுண்டு. சீதனமாகக் காணி துண்டுபட்டுத் துண்டுபட்டுப் போகும்போது கிணற்றை வெட்டமுடியாதல்லவா? அந்த வளவின் கிணற்றிலும் அயற்காணிக்கு ஒரு பங்கு இருந்தது. வேலியில் ஆள் குனிந்து வரத்தக்க ஒரு பொட்டு இருந்ததை நாங்கள் முதலிற் பழுதென்று எண்ணினோம். அது பழுதன்று, உறுதியில் எழுதப்பட்ட உரிமை. மதிற்காரர் ஒருவர் அதை அறியாது அடைத்திருந்தால் வழக்கு மன்றத்தில் முடிந்திருக்கும். உறுதியைத் தரகரின் கையில் வைத்துப் பார்க்காமல், நொத்தாரிசிடம் கொடுத்து முழுவதும் வாசிப்பித்துக் கேட்கவேண்டும். பிரிபடாத பங்கு உண்டா என்பதும் அப்போது வெளிவரும். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, காணியை விற்குமுன் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் அறிவித்து, அவர்கள் விரும்பினால் முதலில் வாங்க இடமளித்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டமும் அவ்வுரிமையைப் பேணியிருக்கிறது. அறிவிக்காது விற்ற காணிக்குப் பின்னர் உறவினர் ஒருவர் உரிமை கோரி வந்தால், பணமும் நிம்மதியும் போய்விடும்.

மூலை வளவுக்கு மேலுமொரு சோதனை உண்டு: வீதி எல்லைக்கோடு. வீதியை அகலிப்பதற்காக எத்தனை அடி விட்டுக் கட்டவேண்டும் என்பதைப் பிரதேச சபையிடமிருந்து எழுத்திற் பெறலாம். நடு வளவு ஒரு பக்கத்தில் இழப்பதை மூலை வளவு இரு பக்கத்தில் இழக்கக்கூடும். போதாக்குறைக்கு, வாகனம் ஓட்டுபவருக்கு எதிர்வரும் வண்டி தெரியவேண்டும் என்பதற்காக மூலையை நேராகக் கட்டாமற் சாய்வாக வெட்டிவிடும்படி கேட்பதும் வழக்கம். விலை பேசுவது முழுக் காணிக்கு. கட்டக் கிடைப்பது மிச்சத்துக்கு. மருமகளின் கணவர் இதைக் கேட்டதும் தம் ஏழடி மதிலின் கணக்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மாமியாருக்கு இவை எதுவும் கவலையில்லை. அவருக்கு ஒரே கவலை தெருக்குத்து. எதிரே வரும் தெரு நேராக வாசலை நோக்கி முடிந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பது நம்மிடையே பழைய நம்பிக்கை. பிள்ளையாரையோ வைரவரையோ வைத்துச் சாந்தி செய்வர். நம்பிக்கையை நான் ஆராயவில்லை. ஆனால் நேரே வரும் தெருவின் முடிவில் வாசல் வைத்தால் தடுக்குத் தவறிய வண்டி எங்கே வந்து நிற்கும் என்பதையும், தெருவில் வரும் ஒவ்வொருவரின் கண்ணும் எங்கே விழும் என்பதையும் எண்ணும்போது, முன்னோரை மூடர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நல்ல வேளையாக அந்த வளவில் தெரு வாசலைக் குத்தவில்லை. தண்டவாளத் துண்டைத்தான் குத்தியது.

கமராவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இப்பொழுது ஒழுங்கைகள் தோறும் கமரா. திருட்டைப் பின்னர் துலக்க அது உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூலை வீட்டுக் கமரா வீதியை மட்டும் பார்ப்பதில்லை. முன்வீட்டு முற்றத்தையும், ஒழுங்கையில் வரும் போகும் அத்தனை பேரையும் பார்த்துப் பதிந்து வைக்கிறது. நம் தனிமையைக் காக்க வைத்த பொருள் அயலவர் தனிமையைத் தின்கிறது. அந்த ஒழுங்கையிலேயே ஒரு வீட்டுக் கமரா எதிர்வீட்டுக் கிணற்றடியை நோக்கித் திரும்பியிருந்ததால் இரு குடும்பங்களும் பேச்சுவார்த்தை இன்றி இருந்தன. முன்னர் வேலிக்கதியாலை ஓரடி நகர்த்தியதற்காக வழக்காடினோம். இப்பொழுது கமராவை ஓரங்குலம் திருப்பியதற்காக!

மூன்று மாதம் இழுத்து, ஈற்றில் வளவை வாங்கினார்கள். விலையிற் சிறிது குறைத்துக்கொண்டார்கள். குறைத்த பணத்தில் வீதிப் பக்கம் மட்டும் நெஞ்சளவு மதில் கட்டி, அதன்மேல் கண் நுழையக்கூடிய இரும்புக் கம்பி வைத்தார்கள். ஒழுங்கைப் பக்கம் கிளுவை வேலியே நிற்கிறது. செத்துப்போன கதியால்களை மாற்றிப் புதுக் கிடுகு கட்டினார்கள். கிணற்றடிக்கு மாத்திரம் ஆளுயரச் சுவர் மறைப்பு. பொட்டு அப்படியே இருக்கிறது. பிள்ளைகளின் அறை தெற்குப் பக்கம் மாறிற்று. வாகன வெளிச்சம் சுழலும் வடக்கு அறையைக் கணவர் தமக்கென்று எடுத்துக்கொண்டார். இரு கிழமைக்கு ஒருமுறைதானே! கமரா ஒன்று படலையை மட்டும் பார்க்கிறது.

அம்மா விமானம் ஏறுமுன் திறப்புக் கோவையைக் கொடுக்க வந்தார். ஒவ்வொரு திறப்பும் எதற்கென்று சொன்னார். பிறகு ஒழுங்கைப் பக்கத்து மரப் படலையைத் திறந்து மூடிக் காட்டினார். அது நீளமாக ஓலமிட்டது. “கீழ்க்கீலுக்கு எண்ணெய் விட்டிடாதை பிள்ளை. இது கேட்டால்தான் ஆரோ வருகினம் எண்டு தெரியும்” என்றார். மருமகள் இதுவரையும் விடவில்லை.